கடைத்தெருவைக் கொன்று வளர்ச்சியா?

தாம்பரத்தினின்று வேளச்சேரிக்குச் செல்லும் பெருஞ்சாலையில், சேலையூரை அடுத்துக் கிடப்பது இராசகீழ்ப்பாக்கம் (அரசகீழ்ப்பாக்கம் எனலே தக்கது). ஏரியும் கழனியுமாக இருந்த சிற்றூர் அது. பின்னர்ச் செம்பாக்கம் நகராட்சியிற் சேர்ந்தது. 2021இல் தாம்பரம் மாநகராட்சியுள் அடங்கிற்று. ஊர் பெருகியதில் நமக்கு மனக்குறை இல்லை. ஆனால், மாநகராவது என்றாலே சிறுகடைகளை இடித்துத் தள்ளி, அவ்விடத்தே கண்ணாடிச் சுவர் எழுப்புவது என்று பொருள்கொள்வார் சிலர் உளர். அவர்தம் கொள்கையையே இவண் மறுக்கப் புகுந்தோம்.

பாக்கம் என்னும் சொல்லை எண்ணிப் பாருங்கள். புகார் நகர் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரு பாக்கங்களாய் இருந்ததைச் சிலப்பதிகாரம் காட்டும். அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சோலையில், மரங்களின் அடிகளே கடைகளுக்குத் தூண்களாக, நாளங்காடி நடந்தது. மருவூர்ப்பாக்கத் தெருக்களில் பிட்டு விற்பாரும், மீன் விற்பாரும், உப்பு விற்பாரும், தச்சரும், பொற்கொல்லரும் அடுத்தடுத்து வாழ்ந்தனர். நிழல், நடை, பலதொழில், அண்மை ஆகிய நான்கும் கூடியதே தமிழன் கண்ட அங்காடி. இது வெறும் பழம்பெருமைப் பேச்சன்று. 1961இல் அமெரிக்க நகரங்களைப் பற்றி நூலெழுதிய சேன் சேக்கப்சு என்னும் அம்மையாரும் இதனையே வலியுறுத்தினார். பல பயன்கள் ஒரே தெருவில் கலந்திருக்க வேண்டும். பழைய கட்டடமும் புதியதும் சேர்ந்து நிற்க வேண்டும். தெருவின்மேல் மக்கள் கண் இருப்பதே தெருவுக்குக் காவல் என்பன அவர்தம் முடிபுகள்.

கடைத்தெரு எவ்வாறு சாகின்றது? 12 அடி முகப்புடைய கடைகள் வரிசையாய் நிற்குமிடத்து, 120 அடி நடப்பவன் பத்து வாயில்களைக் காண்கின்றான். பத்துப் பேர் முகம் பார்க்கின்றான். அதே 120 அடியை ஒரே வணிக வளாகம் விழுங்கினால், வாயில் ஒன்று, காவலன் ஒருவன், எஞ்சியது சுவர்! முன்புறத்தே மகிழ்வுந்து நிறுத்துமிடம் வகுத்துக் கட்டடத்தை உள்ளே தள்ளினாலோ, தெருவுக்கும் கடைக்கும் இருந்த உறவே அறுந்துபோம். கீரை வாங்கி, மருந்து வாங்கி, அறுந்த செருப்பையும் தைத்துக்கொண்டு ஒரே நடையில் வீடு திரும்பிய மூதாட்டிக்கு அவ்வளாகத்தில் என்ன வேலை?

“அவ்வாறாயின் வளர்ச்சி வேண்டாவா? மாடி கட்டலாகாதா?” என்பர். கட்டுக! யார் தடுத்தார்? எவ்வாறு கட்டுவது என்பதே வினா. தியாகராயர் நகரைப் பாருங்கள். 1920களில் வீடுகளும் பூங்காவுமாக வகுக்கப்பெற்ற அந்நகரில், அரங்கநாதன் தெருவிலும் உசுமான் சாலையிலும் பன்மாடிக் கடைகள் எழுந்தன; தெருக்களோ அகலவில்லை. 2017 மே 31ஆம் நாள் அங்குத் துணிக்கடை மாளிகையொன்று தீப்பற்றிப் பின்னர் இடிக்கப்பெற்றது. 2019இல்தான், பாண்டிபசார் என வழங்கும் சௌந்தரபாண்டியனார் அங்காடியில், நடைபாதையை அகலமாக்கி நடப்பார்க்குத் தெருவை மீட்டளித்தனர். நற்செயலே! ஆயின், அங்கு அமர்ந்து விற்ற எளியோர் 2013இலேயே மாடிக் கட்டடத்துக்கு மாற்றப்பெற்றனர். வழிப்போவார் கண்ணிற்படும் பூக்கூடையும், படியேறித் தேடவேண்டிய பூக்கூடையும் ஒன்றாகுமா? கெடுத்துவிட்டுத் திருத்தும் அப்பிழை தாம்பரத்திலும் நேர வேண்டா.

ஆகலின் நாம் வேண்டுவன இவை:

ஒன்று: சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் 2008இல் வெளியிட்ட இரண்டாம் பெருந்திட்டத்துக்கு 2026ஆம் ஆண்டே எல்லை. அடுத்த திட்டத்தில் தாம்பரம் சண்முகம் சாலை, இராசகீழ்ப்பாக்கம் முதலிய கடைத்தெருக்களைத் தனியே குறித்துக் காக்க வேண்டும். பழஞ்சென்னைப் பகுதிகளில் கட்டடங்கள் பக்க இடைவெளியின்றி ஒட்டி நிற்க இசையும் ‘தொடர் கட்டடப் பகுதி’ முறை இருக்கின்றது. அதனை இங்கும் பொருத்துக.

இரண்டு: எத்துணைப் பெரிய கட்டடமாயினும், தரைத்தளம் 15 அடிக்கு ஒரு வாயிலாகத் தெருவை நோக்கித் திறக்கட்டும். முன்னே வெயிலுக்கும் மழைக்கும் தாழ்வாரம், பின்னே ஊர்தி நிறுத்தம், மேலே குடியிருப்பு.

மூன்று: 2014ஆம் ஆண்டுத் தெருவாணிகர் சட்டப்படி, நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் தெருவாணிகரே இருத்தல் வேண்டும், கணக்கெடுத்துச் சான்றிதழ் வழங்குமுன் எவரையும் அகற்றலாகாது. அச்சட்டம் ஏட்டளவில் நின்றுவிடலாகாது.

நான்கு: கடைகளின் பெயர்ப்பலகையில் தமிழே முதன்மை பெறவேண்டும் என்பது அரசு நெறிமுறை. புதுக்கட்டடத்துக்கு இசைவளிக்கும்பொழுதே அதனையும் கட்டாயமாக்குக. ஊரின் முகம் ஊராரின் மொழியில் இருக்கட்டும்.

தமிழன்பர்களே! திட்டங்கள் வரையப்பெற்ற பின்னர் முணுமுணுப்பதாற் பயனில்லை. பகுதிச் சபைக் கூட்டங்களுக்குச் செல்லுங்கள். இந்நான்கையும் எழுத்திற் கொடுங்கள். தெருமுனைக் கடையிலேயே பொருள் வாங்குங்கள். பன்னாட்டு வணிகனுக்கு இராசகீழ்ப்பாக்கம் விலைக்கு வந்த ஒரு மனை. நமக்கோ அது வாழும் ஊர். கடைத்தெரு வாழின் ஊர் வாழும். ஊர் வாழின் மொழியும் வாழும்!