சுவத்துல பூச்சி, கட்டில் ஓரத்துல ஆள்... இல்லாத உருவம் தெரியுதா? பேயை விடுங்க, மாத்திரைச் சீட்டைப் பாருங்க!

"சுவத்துல பூச்சி ஊருது", "கட்டில் ஓரத்துல ஒரு குழந்தை நிக்குது", "செத்துப்போன தம்பி வந்து கூப்பிடுறான்". சேலம் அம்மாபேட்டை மாதிரி தறிச் சத்தம் கேட்கும் தெருவில் ஒரு பெரியவர் திடீரென இப்படிப் பேச ஆரம்பித்தால், வீட்டில் முதலில் எழும் பேச்சு "காத்து கருப்பு அடிச்சிருக்கும்" என்பதுதான். அடுத்தது, "வயசாச்சுல்ல, புத்தி பிசகிடுச்சு". ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: கடந்த ரெண்டு வாரத்துல என்ன மாத்திரை புதுசா ஆரம்பிச்சாங்க? எதை நிறுத்துனாங்க?

டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தே மாயத்தோற்றத்தை, அதாவது ஹாலுசினேஷனை உண்டாக்க முடியுமா? முடியும். எல்லோருக்கும் வராது. வயதானவர்கள், கிட்னி பாதிப்பு உள்ளவர்கள், ஒரே நேரத்தில் ஐந்தாறு மாத்திரை விழுங்குகிறவர்களுக்கு வாய்ப்பு அதிகம்.

ஊமத்தையும் சளி மாத்திரையும்

ஊமத்தங்காயைத் தின்றால் பித்துப் பிடிக்கும் என்று நம் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். அதில் உள்ள அட்ரோபின் வகை ரசாயனங்கள், மூளையில் நினைவுக்கும் கவனத்துக்கும் தேவையான அசிட்டைல்கோலின் வேலை செய்யவிடாமல் தடுக்கின்றன. இதே தடுப்பு வேலையை, அளவு குறைவாக, நாம் சாதாரணமாகச் சாப்பிடும் பல மாத்திரைகளும் செய்கின்றன. சளிக்குக் கொடுக்கும் குளோர்பெனிரமைன், சர்க்கரை நோயாளிகளின் கால் எரிச்சலுக்கு எழுதும் அமிட்ரிப்டிலின், அடிக்கடி சிறுநீர் போவதைக் கட்டுப்படுத்தும் ஆக்ஸிபியூட்டினின், கை நடுக்கத்துக்கான டிரைஹெக்ஸிபெனிடில் எல்லாம் இந்த ரகம். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் தப்பில்லை. மூன்று டாக்டர்கள் மூன்று சீட்டில் எழுதி, ஒரே வயிற்றுக்குள் சேரும்போதுதான் சிக்கல். வாய் வறட்சி, மலச்சிக்கல், சிறுநீர் சரியாகப் போகாதது ஆகியவற்றோடு குழப்பமும் சேர்ந்தால் இந்த வகை மருந்துகளைச் சந்தேகிக்கலாம்.

பார்க்கின்சன் நோயில் கதை வேறு. லெவோடோபா, பிரமிபெக்ஸோல் போன்றவை டோபமைன் செயல்பாட்டைக் கூட்டுகின்றன. நடை சீராகும், ஆனால் சிலருக்கு ஆட்களும் விலங்குகளும் கண்முன் தோன்றும். இதைத் தெரியாமல் ஹாலோபெரிடால் மாதிரி மருந்தைக் கொடுத்தால் அது டோபமைனைத் தடுத்து உடம்பை இன்னும் விறைப்பாக்கிவிடும். அதனால்தான் நரம்பியல் மருத்துவரிடமே போக வேண்டும் என்கிறோம்.

ஸ்டீராய்டு: அளவுதான் விஷயம்

கொரோனா காலத்தில் ஸ்டீராய்டு என்ற சொல் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. 1972-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், தினமும் 40 மி.கி. அல்லது அதற்குக் குறைவாக பிரெட்னிசோன் எடுத்தவர்களில் 1.3 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு வந்தது. 80 மி.கி.க்கு மேல் எடுத்தவர்களில் அது 18.4 சதவீதம். தூக்கம் கெடுவது, அளவுக்கு மீறிய உற்சாகம், சந்தேகம் என்று ஆரம்பித்து, குரல் கேட்பது வரை போகலாம்.

மருந்து மறைமுகமாகச் செய்யும் வேலை

இதைத்தான் நிறைய பேர் கவனிப்பதில்லை. பிபிக்கு அம்லோடிபின். அதனால் கால் வீங்குகிறது. வீக்கத்துக்கு நீர் மாத்திரை. நீர் மாத்திரை சோடியத்தைக் குறைக்கிறது. சோடியம் ரொம்பக் குறைந்தால் ஆள் குழம்பிப் பிதற்றுகிறார், அதற்கு இன்னொரு மாத்திரை! சேலத்து கோடை வெயிலில் வாந்தி பேதியும் சேர்ந்தால் நிலைமை இன்னும் வேகமாகக் கெடும். சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் விட்டாலும் குழப்பம் வரும். இவற்றைச் சாதாரண ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம்.

மருந்துமேல் பழி போடக் கூடாத நேரமும் உண்டு. தினமும் குடிப்பவர் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்து இரண்டு மூன்று நாளில் "பூச்சி, பூச்சி" என்று கத்தினால், அது பெரும்பாலும் குடி திடீரென நின்றதன் விளைவு. உயிருக்கே ஆபத்தானது. சிறுநீர்த் தொற்று மட்டுமே ஒரு முதியவரைக் குழப்பிவிடும். கண்புரை, கண் அழுத்த நோயால் பார்வை மங்கியவர்களுக்கு, புத்தி முழுத் தெளிவாக இருக்கும்போதே உருவங்கள் தெரியும். சார்லஸ் பானே சிண்ட்ரோம் என்று இதற்குப் பெயர்.

அப்போ மாத்திரையை நிறுத்திடலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். அல்பிரஸோலம், லோராசெபம் போன்றவற்றைப் பல மாதம் சாப்பிட்டுவிட்டு ஒரேயடியாக நிறுத்தினால், அந்த நிறுத்தமே வலிப்பையும் மாயத்தோற்றத்தையும் கொண்டுவரும். நீண்ட நாள் எடுத்த ஸ்டீராய்டும் அப்படித்தான், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அல்பிரஸோலம் 2014 மார்ச் முதல் ஹெச்1 பட்டியல் மருந்து. சீட்டின் விவரத்தைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். பழைய சீட்டை நீட்டி வாங்கும் பழக்கம் எத்தனை தெருவில் நின்றிருக்கிறது என்பது வாசகர்களுக்கே தெரியும்.

செய்ய வேண்டியது, வீட்டில் உள்ள எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு அன்றைக்கே டாக்டரிடம் எடுத்துப் போவது. இருமல் சிரப், கண் சொட்டு, நாட்டு மருந்துச் சூரணம் எல்லாம் அதில் இருக்கணும். காய்ச்சல், வலிப்பு, மயக்கம், தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் பேச்சு இருந்தால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். அம்மாபேட்டைக்காரர்களுக்கு சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை இருக்கிறது. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் எண் 14416, 24 மணி நேரமும்.

மந்திரிக்கக் கூட்டிப்போவதால் நேரம் போவது மட்டும் நஷ்டமில்லை. 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது.

பக்கவிளைவு மருந்தால்தான் என்று டாக்டர் சொன்னால், அதை நோயாளியின் குடும்பமே இந்திய மருந்தியல் கண்காணிப்புத் திட்டத்தில் புகார் செய்யலாம். கட்டணமில்லா எண் 1800-180-3024. மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய தேதி, அறிகுறி தெரிந்த தேதி ஆகிய நான்கையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.