மீன்குஞ்சுகளைத் தீவனமாக்குவதை நிறுத்துங்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், தமிழகத்தின் கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடை. மீன் இனப்பெருக்கக் காலம் என்பது அரசு சொல்லும் காரணம், சரியான காரணம்தான். ஆனால் தடை முடிந்து படகுகள் கடலுக்குப் போனதும், வளர்ந்துவரும் குஞ்சுகளையே இழுவலை அள்ளிவருகிறது. விலைபோகாத பொடிமீன்களோடு அவையும் கரையில் சங்காயமாக, அதாவது கழிவுமீனாக, கொட்டப்படுகின்றன. வெயிலில் காய்ந்து, தூளாகி, கோழித்தீவனத்துக்குப் போகின்றன. பருவத்துக்குப் பூட்டுப் போட்ட அரசு, மீதி பத்து மாதமும் கடலைத் திறந்துபோட்டுவிட்டுக் கைகட்டி நிற்கிறது. இதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

கடலே இல்லாத திருப்பூருக்கு இதில் பேச உரிமை உண்டு. விதி காகிதத்தில் மட்டும் இருந்தால் என்ன நடக்கும் என்பதை நொய்யல் கரையில் கண்ணால் பார்த்தவர்கள் நாம். சாயக்கழிவு நீரில் எவ்வளவு உப்பு இருக்கலாம் என்று வரையறை இருந்தது. மீறியவர்களை உரிய காலத்தில் தடுத்து நிறுத்தவில்லை. பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுத் தேக்கமாயிற்று. விவசாயிகள் நீதிமன்றப் படியேறினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, எந்தத் தவறும் செய்யாத தொழிலாளர்கள் வேலையில்லாமல் நின்றார்கள். அதிகாரிகள் முன்பே கண்டிப்புக் காட்டியிருந்தால் அந்த நாள் வந்திருக்காது.

கடலிலும் அதே மெத்தனம். மீன் கூட்டத்தையே வளைத்துப் பிடிக்கும் சுருக்குமடி வலையைத் தமிழக அரசு 2000-இல் தடைசெய்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், 12 கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் என்று இடைக்கால அனுமதி தந்தது. இந்த எல்லை மீறப்படுகிறதா என்று நாட்டுப்படகுக்காரர்களே கடலில் காவல் காத்து, சக மீனவர்களோடு மோத வேண்டியிருப்பது அநியாயம்.

நார்வேயில் மீனுக்கும் படகுக்கும் ஆண்டு ஒதுக்கீடு உண்டு. இறக்கும் இடத்தில் எடை பதிவாகும். பல இன மீன்கள் ஒரே வலையில் விழும் நம் கடலில் அதை அப்படியே பொருத்துவது கடினம். ஆனால் கேரளம் 2015-இல் மத்திக்கு 10 செ.மீ., அயிலைக்கு 14 செ.மீ. என்று மீன்வாரியாகக் குறைந்தபட்ச அளவை அறிவித்ததே, அதிலென்ன கடினம்?

மீன்வளத்துறை ஒவ்வொரு இறங்குதளத்திலும் சங்காயத்தின் எடையைத் தனியாகப் பதிவுசெய்து மாதந்தோறும் வெளியிட வேண்டும். வலைக் கண்ணியின் அளவைக் கரையிலேயே சோதிக்க வேண்டும். அளவு குறைந்த மீனைப் பிடித்தவரோடு வாங்கிய தீவன ஆலைக்கும் அபராதம் விதிக்க வேண்டும். வாங்குபவரை விட்டுவிட்டுப் படகுக்காரரை மட்டும் பிடிப்பதில் பயனில்லை. கறிக்கோழிக்குப் பேர்போன பல்லடம் நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. தீவனத்தில் கலக்கும் மீன்தூள் எங்கிருந்து வருகிறது என்று அங்குள்ள பண்ணையாளர்களும் கேட்டாக வேண்டும்.

அடுத்த தடைக்காலம் முடிந்து ஜூன் 15 அன்று விசைப்படகுகள் கிளம்பும்போது, ஏலத்தளங்களில் அளவுகோலும் எடைப்பதிவேடும் அவற்றைக் கையாளும் அதிகாரியும் இருக்க வேண்டும்.