கோரேகான் துரோகம் என்றால் ஹைஃபா என்ன?

சனவரி 1 அன்று பீமா கோரேகான் பற்றி எதை எழுதினாலும் எனக்கு வரும் கேள்வி ஒன்றுதான்: "வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டதைக் கொண்டாடுவது தேசத்துரோகம் இல்லையா?" கேட்பவர்கள் உண்மையாகவே கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

டெல்லி தீன் மூர்த்தி சந்திப்பில் மூன்று வீரர்களின் சிலைகள் நிற்கின்றன. ஜோத்பூர், மைசூர், ஐதராபாத் சமஸ்தானக் குதிரைப்படைகளின் நினைவாக 1922இல் பிரிட்டிஷ் ஆட்சியில் நிறுவப்பட்டவை. முதல் உலகப் போரில், 1918 செப்டம்பர் 23 அன்று, ஜோத்பூர், மைசூர் வீரர்கள் ஒட்டோமான்களிடமிருந்து ஹைஃபா நகரைக் கைப்பற்றினார்கள். யாருக்காக? அதே வெள்ளைக்காரனுக்காக. இன்றும் இந்திய ராணுவம் செப்டம்பர் 23ஐ ஹைஃபா தினமாக அனுசரிக்கிறது. 2018 சனவரி 14 அன்று, பிரதமர் மோடியும் இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகுவும் முன்நிற்க, அந்த இடம் 'தீன் மூர்த்தி ஹைஃபா சவுக்' ஆனது.

அதற்கு 13 நாள் முன்புதான், கோரேகான் போரின் 200ஆம் ஆண்டு நினைவுக்குக் கூடிய தலித் மக்கள் தாக்கப்பட்டார்கள். அது தொடர்பான வழக்கில் எழுத்தாளர்கள், பேராசிரியர்கள், வழக்கறிஞர்கள் என 16 பேர் உபா சட்டத்தில் சிறைக்குப் போனார்கள். அவர்களில் ஒருவரான ஸ்டேன் சுவாமி 2021இல் காவலிலிருந்தபோதே இறந்தார்.

பேரரசுக்காகப் போரிட்டதுதான் குற்றம் என்றால், அது இரண்டு இடத்திலும் குற்றமாக இருக்க வேண்டும். ஹைஃபாவில் மன்னர்களின் குதிரைப்படை. கோரேகானில், பேஷ்வா ஆட்சி தீண்டத்தகாதவர்களாக நடத்திய மகர்கள். தேசத்தின் வீரம் யாருடையது என்று அரசு எடுக்கும் முடிவு இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

கிழக்கிந்தியக் கம்பெனி சாதியை ஒழிக்க வரவில்லை. கோரேகான் தூணைத் தன் வெற்றிக்காகவே எழுப்பியது. பின்னாளில் 'போர் மரபினங்கள்' என்ற கொள்கையைக் காட்டி, மகர்களைப் படையில் சேர்ப்பதையே பிரிட்டிஷார் நிறுத்தினார்கள். இதெல்லாம் அம்பேத்கருக்குத் தெரியாததல்ல. அவருடைய தந்தையே ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். ஆனாலும் 1927 சனவரி 1 அன்று அவர் அந்தத் தூணுக்குப் போனார். அதில் மகர் வீரர்களின் பெயர்கள் இருக்கின்றன. தெருவில் நடக்கவும் உரிமையற்றிருந்த மக்களுக்கு, தம் முன்னோர் ஆயுதம் ஏந்தி நின்றதற்குக் கல்லில் ஒரு சாட்சி அது.

அடுத்த சனவரியிலும் அந்தக் கேள்வி வரும். பதில் சொல்லும் முன், கேட்டவர் செப்டம்பர் 23 அன்று என்ன பதிவிட்டிருந்தார் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.