முதற்கதைகளின் பட்டியல்

ஒரு தரவுத்தளம் கைவந்தவருக்கு அடுத்தது ஒரு வாரப் பாடம் என்பார்கள். நாமும் அப்படிச் சொல்லித் திரிந்தோம். எட்கர் காட் 1970இல் வகுத்த உறவுமுறைக் கோட்பாடுதான் எல்லாவற்றுக்கும் அடி. எஸ்கியூஎல் மொழிக்கு 1986இலேயே தரவரையறையும் வந்துவிட்டது. பிறகென்ன வேறுபாடு இருந்துவிடப் போகிறது? ஃபாக்ஸ்புரோவில் தொடங்கி மைஎஸ்கியூஎல்லில் பல்லாண்டு பழகிய தமிழாசிரியர் என்ற சிறு செருக்கும் நமக்கு உண்டு.

கல்லூரியில் நாம் பேணிவந்த சிற்றிதழ்ச் சிறுகதை அடைவை அண்மையில் போஸ்ட்கிரெஸ்கியூஎல்லுக்கு மாற்றினோம். அட்டவணை அமைப்பு, சுட்டு, காப்புநகல் இவற்றில் அனுபவம் கைகொடுத்தது, மறுப்பதற்கில்லை. இடறியதெல்லாம் தெரிந்த இடங்களில்தான். மலையாளம் படிக்கும் தமிழர் 'வெள்ளம்' என்ற சொல்லில் வழுக்குவதில்லையா, அப்படி. இரட்டை மேற்கோளுக்குள் இட்ட பெயரை மைஎஸ்கியூஎல் வழக்கமாக ஒரு சொல்லாகக் கொள்ளும். இதுவோ நிரலின் பெயராகக் கொண்டு, அப்படியொரு நிரல் இல்லை என்கிறது. இரண்டு செங்குத்துக் கோடுகள் அங்கே 'அல்லது'. இங்கே இரு சொற்களை ஒட்டும் பசை.

இவை சில்லறைத் தொல்லைகள். ஒவ்வோர் எழுத்தாளரின் முதற்கதை எது, எந்த ஆண்டு வந்தது என்று கேட்கும் நம் பழைய வினவலை இட்டபோதுதான் உண்மையான அடி விழுந்தது. ஆசிரியர் பெயரால் தொகுத்து, ஆண்டுகளில் சிறியதை எடுத்து, தலைப்பையும் காட்டச் சொல்வது அது. தலைப்பு தொகுப்புக்குள் வரவில்லை என்று போஸ்ட்கிரெஸ் மறுத்துவிட்டது. இத்தனை காலம் ஓடிய வினவலை இது யார் மறுக்க என்று முதலில் சினந்தோம்.

இரவு தாளில் எழுதிப் பார்த்தோம். ஒருவர் இருபது கதை எழுதியிருந்தால் சிறிய ஆண்டு ஒன்றுதான். ஆனால் இருபது தலைப்பில் எதைக் காட்டுவது? நாம் சொல்லவே இல்லை. 2015இல் வந்த 5.7க்கு முந்தைய மைஎஸ்கியூஎல், இயல்பமைப்பில், ஏதோ ஒன்றை எடுத்து வைத்துவிடும். கையேடு இதை மறைக்கவில்லை, நாம்தான் படிக்கவில்லை. ஆண்டு சரி, தலைப்பு குருட்டாம்போக்கு. இந்தப் பட்டியலைத்தான் ஆய்வு மாணவர்க்கு நம்பிக்கையோடு வழங்கிவந்தோம்.

பழையதில் இப்படிச் செய்தோம், புதியதில் இதற்கு ஈடு என்ன என்று கேட்பதே அனுபவசாலிகள் கற்கும் முறை. அது கற்றல் அன்று, சொற்பட்டியல் தேடல் என்பதே நம் கருத்து. புதிய தளம் மறுக்கும் இடத்தில் நின்று, ஏன் மறுக்கிறது என்று முதலாண்டு மாணவனைப் போலக் கேட்க வேண்டும். நாற்பதைக் கடந்த ஆசிரியருக்கு இது எளிதாக வருவதில்லை. வகுப்பில் கேள்வி கேட்டே பழகிய வாய்!

பின்னர் 'டிஸ்டிங்ட் ஆன்' என்ற போஸ்ட்கிரெஸ் வழியில், ஆண்டு வரிசையிட்டு, ஆசிரியருக்கு ஒரு வரிசையாக எடுத்தோம். பழைய பட்டியலை அருகில் வைத்துப் பிழைகளைச் சிவப்பு மையால் குறித்தோம், முதற்பக்கமே சிவந்துவிட்டது. பட்டியல் பெற்ற மாணவர்க்குக் கடிதம் எழுதி வருகிறோம். அவர்களுள் ஒருவர் ஆய்வேட்டை ஒப்படைத்துப் பட்டமும் பெற்றுவிட்டார். அவருக்கான கடிதம்தான் இன்னும் முடியவில்லை.