குரங்கின் மேல் பழி

2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், இலங்கைத் தீவு முழுவதும் மின்சாரம் அற்றுப்போயிற்று. அவ்வேளை நான் புத்தளம் மாவட்டக் கரையோரத்தில், கற்பிட்டிக் குடாநாட்டிலுள்ள என் இல்லத்தில் இருந்தேன். நுரைச்சோலை அனல் மின்நிலையம் எங்கள் ஊருக்கு அயலில் உள்ளது. ஒவ்வொன்றும் 300 மெகாவாற்று வலுவுடைய மூன்று பொறித்தொகுதிகள் அங்கே இயங்குகின்றன. அந்நிலையத்தின் அயலிலேயே, மணற்றரைத் தோட்டங்களுக்கு நீரிறைக்கும் பொறிகள் அன்று ஓய்ந்து நின்றன. விளக்கின் அடியில் இருள் என்பார்கள்; அதனை அன்று கண்ணாரக் கண்டோம்.

காரணம் விரைவிலேயே அறிவிக்கப்பட்டது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டுவிட்டது என்றார் அமைச்சர். நாடு நகைத்தது. நாற்பது ஆண்டுகள் கணினிக்குச் செய்நிரல் எழுதிப் பிழைத்தவனாகிய எனக்கு நகைப்பு வரவில்லை. குரங்கு தொட்டது உண்மையாகவே இருக்கட்டும். ஒரு குரங்கு தொட்டவுடன் ஒரு நாடே இருளும்படி அமைப்பு இருந்தது ஏன் என்பதன்றோ கேட்கத்தக்க கேள்வி?

அதற்கு விடையும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைப் பகலில் மின்தேவை குறைவு, வெயிலோ மிகுதி. கூரைகளில் பதித்த சூரியத் தகடுகள் மின்சாரத்தின் பெரும்பங்கைத் தந்துகொண்டிருந்தன. அதனால் பாரமான சுழற்பொறிகள் சிலவே ஓடின. திடீரென ஓர் அதிர்ச்சி நேரும்போது மின்வலையை ஒரு கணமேனும் தாங்கிப் பிடிப்பது அப்பாரச் சக்கரங்களின் சுழற்சியே. அது குறைந்திருந்த வேளையில் பாணந்துறையில் நேர்ந்த பழுது வலை முழுவதையும் ஆட்டிவிட்டது. நுரைச்சோலையின் மூன்று தொகுதிகளும் தம்மைக் காத்துக்கொள்ள வலையினின்று விலகின. சில மணி நேரத்தில் நாட்டுக்கு வெளிச்சம் மீண்டது. ஆயினும் நிலக்கரிக் கொதிகலன்களை நினைத்தவுடன் எழுப்புதல் இயலாது. ஆகவே 10ஆம், 11ஆம் திகதிகளிலும் ஒன்றரை மணி நேர மின்வெட்டு வேண்டியதாயிற்று. நீண்ட சங்கிலியில் குரங்கு ஒரு கண்ணி மட்டுமே.

இவ்வாறு எண்ணும் பழக்கம் எனக்கு இயல்பாக வந்ததன்று, தண்டனையாக வந்தது. 1984ஆம் ஆண்டில் கொழும்பில் ஒரு தாபனத்தில் நாட்சம்பளக் கணக்குக்கு நான் செய்நிரல் எழுதினேன். பெப்ரவரிக்கு 28 நாட்கள் என்று எழுதிவிட்டேன். அவ்வாண்டோ நெட்டாண்டு. 29ஆம் திகதி உழைத்தவர்களின் ஒருநாட் கூலி அவர்கள் கைக்கு வரவில்லை. நான் தலைகுனிந்து நின்றபோது என் மேலதிகாரி, "எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியும். எழுதிய பின் மூன்று பேர் பார்த்தார்களே, அத்தனை கண்களையும் இது எவ்வாறு கடந்தது? அதைக் கண்டு எழுதிக்கொண்டு வாரும்," என்றார். அந்த ஒரு வினாவில் நான் கற்றதை, பின்னர் படித்த நூல்கள் பலவற்றிலும் கற்றேனல்லேன்.

பெருந்தாபனங்களும் இதற்கு விலக்கல்ல. 2024 ஜூலை 19ஆம் திகதி, கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு சிறு மாற்றத்தால் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள் முடங்கின. விமானங்கள் புறப்படவில்லை; மருத்துவமனைகள் திண்டாடின. காரணம் யாது? 21 விவரங்களை எதிர்பார்த்த இடத்தில் 20 மட்டுமே கொடுக்கப்பட்டிருந்தன. ஒன்று குறைந்தது, அதனைச் சோதித்த செய்நிரலும் அக்குறையைக் காணவில்லை.

இப்பொழுது ஒரு புதிய நிலைமை தோன்றியுள்ளது. 2022ஆம் ஆண்டின் இறுதியில் சட்ஜிபிடி வெளிவந்ததன் பின், செயற்கை நுண்ணறிவே செய்நிரலை எழுதித் தருகின்றது. என்னிடம் பாடம் கேட்க வரும் மாணவன் ஒருவன் மீனவர் மகன். தோணியின் வருமானத்தைப் பங்காளிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் செய்நிரல் ஒன்றை அந்நுண்ணறிவிடம் எழுதுவித்து மகிழ்ச்சியுடன் கொண்டுவந்தான். அழகாகவே இயங்கிற்று. 10,000 ரூபாயை மூவருக்குப் பிரித்தது. ஆளுக்கு 3,333 ரூபாய் என்றது. அருகிலிருந்த அவன் தந்தையார் திரையைப் பார்த்துவிட்டு, "தம்பி, மிச்சம் ஒரு ரூபா எங்கே?" என்று கேட்டார். மகனிடம் விடையில்லை. தந்தையார் கணினி பயின்றவரல்லர். ஆனால் பங்கு பிரித்துப் பழகியவர். கரையில் ஒரு ரூபாய்க்கும் கணக்குச் சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

அந்நுண்ணறிவைப் பாடசாலைகளினின்றும் விலக்கிவிட வேண்டுமென்று நான் சொல்லவில்லை. கொழும்பின் வசதிகளை எட்டாத எங்கள் கரையோரப் பிள்ளைகளுக்கு அது இரவிலும் விடை சொல்லும் ஆசானாகலாம். என் அச்சம் வேறு. எழுதும் உழைப்பு போய்விட்டால், எழுதியது ஏன் பிழைத்தது என்று அறியும் பயிற்சியும் உடன் போய்விடும். அப்பயிற்சி இல்லாதவன் கையில் மின்வலையும் சம்பளக் கணக்கும் ஒப்படைக்கப்படும் நாளில், பழி சுமக்க நாம் ஒவ்வொரு முறையும் ஒரு குரங்கைத் தேட நேரிடும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். சாதாரண தரத் தகவல் தொழினுட்ப வகுப்பில் வரைவிலக்கணங்களை மனனம் செய்விப்பதைச் சற்றே குறையுங்கள். வாரம் ஒரு முறை, பிழையுள்ள செய்நிரல் ஒன்றைக் கொடுங்கள். பிழை யாது, அது எவருக்கு இழப்பாகும், எவ்விடத்தில் அதைத் தடுத்திருக்கலாம் என்னும் மூன்று வினாக்களுக்கும் மாணவர் தம் தமிழிலேயே விடை எழுதட்டும். இதற்குப் புதுக் கணினி வேண்டியதில்லை. மின்சாரம் இல்லாத நாளிலும் கரும்பலகையில் நடத்தலாம்.

அந்த மாணவன் மறுவாரம் வந்தான். எஞ்சும் ரூபாயை அடுத்த நாட் கணக்கில் சேர்க்கும்படி செய்நிரலைத் தானே திருத்தியிருந்தான். திருத்தத்தைத் தந்தையாரிடம் காட்டினாயா என்று கேட்டேன். "அவர் நாலு தொகையைக் கொடுத்துச் சோதித்த பிறகுதான் இங்கே வந்தேன், சேர்," என்றான்.