ஒயாசிஸா பிளரா எண்டு என்னட்டக் கேளாதேங்கோ

கன்ரீனில நடந்த கதை இது. ஒயாசிஸ் திரும்பச் சேர்ந்து பாடப்போகினம் எண்ட செய்தி வந்த நாளில இருந்து எங்கட பக்கல்ரியில ஒரு ஏழெட்டுப் பேருக்கு வேற கதையே இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் ஒயாசிஸ் கட்சி, இந்தப் பக்கம் பிளர் கட்சி. நடுவில பிளேன்ரீ ஆறிக்கொண்டிருக்கு. நான் ரெண்டும் கேப்பன், ஆனால் அதைவிட எனக்கு இலாஸ்ரிக்கா பிடிக்கும் எண்டு சொன்னன். இறுதியாண்டு அண்ணா ஒராள் சிரிச்சார்.

"அது டேமன்ர கேர்ள்பிரண்டின்ர பாண்ட் தானே?"

பிறகு, "சரி, நீர் உண்மையா இந்தப் பாட்டுகள் கேக்கிறனீர் எண்டால் ஒயாசிஸின்ர அஞ்சு பாட்டுச் சொல்லும் பாப்பம். வொண்டர்வோல் சொல்லக்கூடாது."

நான் ஏழு சொன்னன். சொல்லி முடிஞ்சாப் பிறகுதான் கோபம் வந்தது. அந்த மேசையில இருந்த ஒரு பெடியனிட்டயும் அவர் அந்தச் சோதனையை வைக்கேல்லை. நானும் ஏன் விழுந்தடிச்சுக்கொண்டு விடை சொன்னன் எண்டு என்னிலயும் கோபம்.

"எந்த பாண்ட் திறம்" எண்ட கேள்வி அப்பாவியான கேள்வி எண்டு எல்லாரும் நினைக்கினம். ரசிகர்கள் எண்டால் சண்டை பிடிப்பினம்தானே, அதில என்ன கிடக்கு எண்டு. எனக்கு அப்பிடித் தெரியேல்லை. அந்தக் கேள்விக்குள்ள ரெண்டு பெயரை வைக்கிறதே ஒரு வேலை. மற்ற ஆக்களை வெளியில விடுகிற வேலை. ஒயாசிஸ் - பிளர் சண்டையை எடுத்துப் பார்த்தால் அது நல்லாத் தெரியும்.

தெரியாத ஆக்களுக்காகச் சொல்லுறன். 1995 ஓகஸ்ட் 14ஆம் திகதி பிளரின் 'கன்ட்ரி ஹவுஸ்', ஒயாசிஸின் 'ரோல் வித் இற்' என்ற இரண்டு பாடல்களும் ஒரே நாளில் பிரித்தானியாவில் வெளியாகின. அது தற்செயல் இல்லை. பிளர் தரப்பு தங்கள் திகதியை மாற்றி, மோதலாகவே அமைத்தது. என்.எம்.ஈ. இசை வார இதழ் குத்துச்சண்டைப் போஸ்டர் மாதிரி அட்டை போட்டது. பிபிசி செய்தியிலேயே இது வந்தது. அந்த வாரம் பிளர் 274,000 பிரதிகளும் ஒயாசிஸ் 216,000 பிரதிகளும் விற்றன. பிளர் தங்கள் பாட்டை இரண்டு வெவ்வேறு சீடிகளாகப் போட்டிருந்தது. ரெண்டையும் வாங்கின ரசிகர் ஒராள் எண்டால் விற்பனைக் கணக்கில அவர் ரெண்டு. எங்கட ஊர்த் தேர்தல் பார்த்த ஆக்களுக்கு இது விளங்கும்.

ஒக்ரோபரில் ஒயாசிஸின் இரண்டாவது அல்பம் வந்தது, அதுக்குப் பிறகு பிளர் எங்கேயோ பின்னுக்குப் போயிற்று. 1996 ஓகஸ்ட்டில் நெப்வேர்த்தில் ரெண்டு இரவில இரண்டரை லட்சம் பேர் ஒயாசிஸ் பார்க்க வந்தவை. அப்ப வென்றது ஆர்? முப்பது வருசமா இந்தக் கணக்குத்தான் ஓடுது. ஆனால் சண்டைக்குக் காரணமான அந்த ரெண்டு பாட்டையும் இண்டைக்குப் போட்டுக் கேட்டுப் பாருங்கோ. ரெண்டு பாண்டுமே அதைவிட எவ்வளவோ நல்ல பாட்டுகள் செய்திருக்கு. 'ரோல் வித் இற்' ஒரே இடத்தில நிண்டு சுத்துது. 'கன்ட்ரி ஹவுஸ்' தன்ர பகிடிக்குத் தானே சிரிக்குது. ஆகச் சுமாரான ரெண்டு பாட்டை வைச்சு ஒரு நாடு ரெண்டாப் பிரிஞ்சு நிண்டதெண்டால், பிரிச்சது பாட்டில்லை.

இந்தச் சண்டையை இப்ப பிடிக்கிற நாங்கள் ஒருத்தரும் அப்ப பிறக்கவே இல்லை. எங்கட அம்மா அப்பாக்கள் அந்த ஓகஸ்ட்டில கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில இருந்தவை. ஒக்ரோபர் கடைசியில செம்மணியால சாவகச்சேரிக்கு நடந்தவை. அதுக்காக இந்தப் பாட்டுகளை நாங்கள் கேக்கக்கூடாதெண்டு சொல்ல வரேல்லை, நான் ஒவ்வொரு நாளும் கேக்கிறன். ஆனால் ஆரோ லண்டனில விக்கிறதுக்குச் செய்த சண்டையை, முப்பது வருசம் கழிச்சு, அப்பிடியே தூக்கி எங்கட மேசையில வைக்கேக்க, அதில ஒட்டியிருந்த விலைச்சீட்டையாவது கிழிச்சுப்போட்டு வைக்கலாம்.

விற்பனைதான் அளவுகோல் எண்டு வாதாடுகிற ஆக்களுக்கு ஒரு தகவல். 1995இல் பிரித்தானியாவில் மிக அதிகம் விற்ற தனிப்பாடல் ஒயாசிஸின்ரயும் இல்லை, பிளரின்ரயும் இல்லை. தொலைக்காட்சி நாடகத்தில நடிச்ச ரொப்சன், ஜெரோம் எண்ட ரெண்டு நடிகர்கள் பாடின ஒரு பழைய காதல் பாட்டு. சரி, அவைதான் அந்தக் காலத்தின்ர திறமான பாண்ட் எண்டு ஒத்துக்கொள்ளுங்கோ, கதையை முடிப்பம்.

அந்தப் பாட்டு இன்னொரு வேலையும் செய்தது. பல்ப் பாண்டின் 'கொமன் பீப்பிள்' முதலாம் இடத்துக்குப் போகாமல் இரண்டாம் இடத்தில் நிண்டதுக்குக் காரணம் அதுதான். இதை ஏன் சொல்லுறன் எண்டால், ஒயாசிஸ் - பிளர் சண்டையை வர்க்கச் சண்டை எண்டு பத்திரிகைகள் எழுதினவை. மன்செஸ்ரரின் பேர்னேஜில் வளர்ந்த தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் ஒரு பக்கம், கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரி வட்டத்தில இருந்து வந்த தெற்குப் பெடியள் மற்றப் பக்கம். எங்கட அண்ணாமாரும் இதைத்தான் சொல்லுகினம், ஒயாசிஸ் எங்கட ஆக்கள் மாதிரி எண்டு. ஆனால் 'ரோல் வித் இற்'இல வர்க்கம் எங்க இருக்கு? அடிடாஸ் உடுப்பில இருக்கலாம். ஏழைகளோட கொஞ்ச நாள் இருந்து பாக்க ஆசைப்படுகிற பணக்கார மாணவியைப் பற்றி, அவள் வேணுமெண்டால் எப்பவும் அப்பாவுக்கு ஒரு கோல் எடுக்கலாம், மற்ற ஆக்களுக்கு அந்த வழி இல்லை எண்டு நேராப் பாடினது ஷெபீல்ட்டில இருந்து வந்த பல்ப். அதே கோடைகாலம். வர்க்கத்தைப் பற்றிப் பாடின பாட்டு இருக்கேக்க, வர்க்கத்தை உடுப்பாப் போட்ட சண்டைதான் செய்தியானது.

செப்ரெம்பரில் அந்த வருட மேர்க்குரி பரிசு அறிவிச்சவை. ஒயாசிஸின் முதல் அல்பமும் பட்டியலில் இருந்தது. வென்றது பிரிஸ்ரல் நகரத்தின் போர்ட்டிஸ்ஹெட். பெத் கிப்பன்ஸ் எண்ட பெண்ணின்ர குரலில் வந்த 'டமி'. அதே பட்டியலில் பி.ஜே. ஹார்வி இருந்தார், கறுப்பினக் கலைஞரான ட்ரிக்கி இருந்தார், இலாஸ்ரிக்கா இருந்தது. அந்த வருசத்தை இவ்வளவு பேர் செய்திருக்கினம். "1995 எண்டால் ஆர்" எண்டு கேட்டால் எங்கட மேசையில வாற விடை, கிற்றார் வைச்சிருக்கிற நாலைஞ்சு வெள்ளைக்காரப் பெடியள், அவையின்ர வாய்ச்சண்டை.

இப்ப "டேமன்ர கேர்ள்பிரண்டுக்கு" வாறன். ஜஸ்ரின் பிரிஷ்மன் சுவேட் பாண்டை ஆரம்பிச்ச ஆக்களில ஒராள். பிறகு இலாஸ்ரிக்காவை உருவாக்கினார். மூண்டு பெண்கள், ட்றம்ஸுக்கு ஒரு ஆண். 1995 மார்ச்சில் வந்த முதல் அல்பம் நேராக முதலாம் இடத்துக்குப் போனது. எழுதினது, பாடினது, கிற்றார் வாசிச்சது எல்லாம் செய்தும் அவர் இண்டைக்கும் எங்கட கன்ரீனில ஒரு ஆளின்ர காதலி.

உடனே ஒராள் வருவார், இலாஸ்ரிக்கா வயர் பாண்டிட்ட இருந்து சுட்டது எண்டு. ஓம். வழக்கு வந்தது, நீதிமன்றத்துக்கு வெளியில காசு குடுத்து முடிச்சவை. எனக்குத் தெரியும். 'ஷேக்கர்மேக்கர்' பாட்டுக்காக ஒயாசிஸும் காசு குடுத்தது உங்களுக்குத் தெரியுமா? அது ஒரு பழைய கொக்கக்கோலா விளம்பர மெட்டு. அதே ஆக்கள் அதைச் சொல்லேக்க "பீற்றில்ஸிட்ட இருந்து எல்லாம் எடுத்து அழகாச் சேர்த்திருக்கிறாங்கள்" எண்டு சொல்லுகினம். பெடியள் எடுத்தால் மரபு, பெட்டையள் எடுத்தால் களவு.

இந்த இடத்தில எங்கட கதையும் வருது. லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போர் துரத்தத் திரும்ப லண்டனுக்கு அகதியாகப் போன ஒரு பெண், சென்ற் மார்ட்டின்ஸ் கல்லூரியில் படம் எடுக்கப் படிச்சார். 'கொமன் பீப்பிள்'இல வாற பணக்கார மாணவி படிச்சதும் அதே கல்லூரிதான். 2000ஆம் ஆண்டு வந்த இலாஸ்ரிக்காவின் இரண்டாவது அல்பத்துக்கு அட்டைப்படம் செய்தது அவர். அவையின்ர அமெரிக்கச் சுற்றுப்பயணத்தைப் படம் பிடிச்சதும் அவர். அந்தப் பயணத்திலதான் ரோலண்ட் 505 இயந்திரத்தில தாளம் செய்யிறதுக்கு ஆசை வந்தது. மாதங்கி அருள்பிரகாசம். எம்.ஐ.ஏ. அவருடைய 'கலாங்' பாட்டை 2003இல் அவரோடு சேர்ந்து எழுதிய ஆக்களைப் பாருங்கோ. ஒராள் ஜஸ்ரின் பிரிஷ்மன். இன்னொராள் பல்ப்பின் பேஸ் வாசிச்ச ஸ்ரீவ் மக்கி.

அந்தப் பெரிய சண்டைக்குள்ள இடம் கிடைக்காத ரெண்டு பாண்டுகளில இருந்து வந்த ஆக்கள்தான் எங்கட ஊர்ப் பிள்ளை ஒருத்திக்குப் பக்கத்தில இருந்து பாட்டுச் செய்தவை. எம்.ஐ.ஏ. சொல்லுகிற எல்லாத்தோடயும் எனக்கு உடன்பாடு இல்லை, அது வேற கட்டுரை. ஆனால் 'கலாங்' போல ஒரு சத்தம் அதுக்கு முதல் இருந்ததெண்டு ஆரும் எனக்குக் காட்டேல்லை. ஒயாசிஸா பிளரா எண்டு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் அந்தச் சத்தத்துக்குப் போற ரோட்டு உங்களுக்குத் தெரியவே தெரியாது.

சண்டை பிடிக்கவேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. "எல்லா இசையும் நல்லதுதான்" எண்டு சொல்லுகிற ஆக்களோட எனக்கு இதைவிடப் பெரிய கோபம். ஒரு பாட்டை வைச்சுச் சண்டை பிடிப்பம். பிளரின் 'திஸ் இஸ் அ லோ'வில கிரஹம் கொக்ஸன் வாசிக்கிற கிற்றார் ஏன் அந்த இடத்தில அப்பிடி அழுது, லியம் கலஹரின்ர குரல் முதல் அல்பத்தில இருந்த மாதிரி ஏன் பிறகு இல்லை, இதுகளைக் கதைச்சால் நான் விடியுமட்டும் இருப்பன். கட்சி கட்டிக்கொண்டு நிக்கிறதுக்கு வரமாட்டன்.

கட்சி கட்டின ஆக்களுக்கு என்ன கிடைச்சதெண்டும் பாருங்கோ. 2013இல் லண்டன் றோயல் அல்பேர்ட் ஹோலில் நோயல் கலஹரும் டேமன் அல்பார்னும் ஒரே மேடையில் பிளரின் 'ரெண்டர்' பாட்டைப் பாடினவை. 2017இல் டேமனின் கொரில்லாஸ் அல்பத்தில் நோயல் வந்து பாடினார். அவை எப்பவோ சமாதானம். 2024 ஓகஸ்ட் கடைசியில் ஒயாசிஸ் ரிக்கற் விற்பனைக்கு வந்தபோது, மணித்தியாலக் கணக்கில் இணைய வரிசையில் நிண்ட ரசிகர்கள், 150 பவுண் அளவில் எதிர்பார்த்த நிண்டு பாக்கிற ரிக்கற் 350ஐத் தாண்டி நிக்கிறதைக் கண்டவை. பிரித்தானியாவின் வர்த்தகப் போட்டி ஆணையமே அதை விசாரிக்க வேண்டி வந்தது. முப்பது வருச விசுவாசத்துக்கு வந்த பில் அது.

அண்டைக்குப் பின்னேரம் அந்த அண்ணாவுக்கு இலாஸ்ரிக்காவின் 'கனெக்ஷன்' பாட்டை வட்ஸ்அப்பில அனுப்பினன். ஆரம்பத்தில வாற மெட்டு வயரிட்ட இருந்து எடுத்தது, அதையும் கேட்டிட்டு ஒரு சொல் சொல்லுங்கோ அண்ணா எண்டும் எழுதினன். நீலச் சரி ரெண்டும் விழுந்து நாலு நாளாச்சு.