ஜெர்மன் வாயு முகமூடி: சேகரிப்பவர் மீது சுமத்தப்படும் பழி

இரண்டாம் உலகப்போர்க்கால ஜெர்மன் வாயு முகமூடியையும், அதை வைத்துச் சுமந்த வரிவரியான தகர டப்பாவையும் வீட்டில் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் குற்றச்சாட்டு ஒன்று உண்டு. ‘இது நாஜிப் பொருள், வைத்திருப்பவர் மனதில் நாஜிகள் மீது ஏதோ ஒரு பக்தி இருக்கிறது’ என்பார்கள். அதற்குத் துணையாக இன்னும் நான்கு வாதங்கள் வரும். எல்லா டப்பாவும் ஒன்றுதான், ஒன்றுக்கு மேல் எதற்கு? அந்தப் போர்க்களத்தில் வாயுவே வீசப்படவில்லையே, பிறகு இதில் என்ன வரலாறு? வடிகட்டியில் நச்சு இருக்கிறது, வீட்டுக்கு ஆகாது. கடைசியாக, இதெல்லாம் அருங்காட்சியகத்தின் வேலை. இவற்றில் ஒன்று மட்டும் பாதி உண்மை. மற்றவை அந்தப் பொருளைத் திறந்தே பார்க்காமல் சொல்லப்படுபவை.

முதல் குற்றச்சாட்டுதான் கனமானது. அதற்கான பதில் நாஜிகளுக்கு முந்தைய முதல் உலகப்போரில் தொடங்குகிறது. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்பர் அருகே ஜெர்மன் படை குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது. நான்கு நாள் கழித்து அதே களத்தில் இந்தியப் படையின் லாகூர் டிவிஷன் தாக்குதலுக்கு அனுப்பப்பட்டது; முறையான முகமூடி எதுவும் அவர்களிடம் இல்லை. வாயுவில் சிக்கியும் காயம்பட்ட அதிகாரிகளைத் தூக்கிவந்த ஜமேதார் மீர் தஸ்துக்கு விக்டோரியா கிராஸ் கிடைத்தது அந்த நாளில் செய்த செயலுக்காகத்தான். எதிரியும் இதே ஆயுதத்தை எடுப்பான் என்று ஜெர்மானியர்களுக்குத் தெரிந்திருந்தது. தங்கள் வீரர்களைக் காக்க நல்ல வடிகட்டி வேண்டும் என்று வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹாபர் தன் நண்பர் ரிச்சர்டு வில்ஷ்டேட்டரிடம் கேட்டார். செடிகளின் பச்சையத்தை ஆராய்ந்து 1915-இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். கரியும் வேதிப்பொருள்களும் அடுக்கடுக்காக நிரம்பிய வடிகட்டி அவரது ஆய்விலிருந்து வந்தது. ஃபாஸ்ஜீன் என்ற கொடிய வாயுவையும் தடுத்த அந்த வடிகட்டி எண்ணற்ற உயிர்களைக் காத்தது.

வில்ஷ்டேட்டர் யூதர். 1924-இல் மியூனிக் பல்கலைக்கழகத்தின் யூத வெறுப்பைக் கண்டித்துப் பதவியை விட்டார். 1939-இல் எல்லாவற்றையும் இழந்து சுவிட்சர்லாந்துக்குத் தப்பினார். யூதக் குடும்பத்தில் பிறந்த ஹாபரும் 1933-இல் நாட்டைவிட்டு வெளியேறி, அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் பாசல் நகரில் இறந்தார். முகமூடி தயாரித்த பெரிய நிறுவனங்களில் ஒன்றான ஆவர், யூத வங்கியாளர் லியோபோல்டு கோப்பெலுக்குச் சொந்தமாக இருந்தது. நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் அது அவர் கையைவிட்டு டெகுஸா நிறுவனத்திடம் போனது. இத்தனையும் தெரிந்த ஒருவரால் இந்த முகமூடியை ‘நாஜிகளின் படைப்பு’ என்று ஒற்றைச் சொல்லில் அடைக்க முடியாது. நாஜிகள் அபகரித்துக்கொண்டவற்றில் இதுவும் ஒன்று.

ஆனால் குற்றம் சாட்டுபவர்கள் இதைவிட வலுவான ஒன்றைச் சொல்லலாம். ஆவ்ஷ்விட்ஸ் வதைமுகாமில் விஷவாயுக் கொலைக்கூடங்களுக்குள் சிக்லோன்-பி என்ற நச்சுக் குருணையைக் கொட்டிய, நாஜிகளின் எஸ்.எஸ். படை ஆட்கள் முகத்தில் வாயு முகமூடிதான் அணிந்திருந்தார்கள். கொன்றவனின் மூச்சைக் காத்தது அது. பெர்லினுக்கு வடக்கே ஓரானியன்புர்க்கில் இருந்த ஆவர் ஆலையில், சாக்ஸன்ஹவுசன் வதைமுகாமோடு சேர்ந்த பெண் கைதிகளை வைத்து முகமூடி செய்யவைத்தார்கள். இதை மறைத்துவிட்டு டப்பாவின் அழகை மட்டும் பேசுகிற சேகரிப்பாளர் மீது எனக்கும் கோபம் உண்டு. அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். விலை ஏறும் என்பதற்காகச் சாதாரண டப்பாவில் எஸ்.எஸ். குறியைப் பொய்யாகப் பதித்து விற்பவர்களும், தேடி வாங்குபவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் காட்டி எல்லோரையும் பழிப்பது நியாயமில்லை. பொய்க் குறியைக் கண்டுபிடித்து அம்பலப்படுத்துபவர்களும் சேகரிப்பாளர்களே. அந்தத் திறமை நூறு உண்மையான டப்பாக்களைப் பார்த்தால்தான் வரும். ஜெர்மனியின் சட்டமே இந்த வேறுபாட்டை அறிந்திருக்கிறது. குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவு நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவதைத் தடை செய்கிறது. ஆய்வுக்கும் கல்விக்கும் வரலாற்று விளக்கத்துக்கும் விலக்கு அளிக்கிறது. முகமூடி வைத்திருப்பது அங்கே குற்றமில்லை.

‘எல்லாம் ஒன்றுதானே’ என்ற வாதத்துக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

முதல் உலகப்போரின் நடுவில் வந்த ஜெர்மன் முகமூடி ரப்பர் பூசிய துணியால் ஆனது. பிரிட்டனின் கடல் முற்றுகையால் ரப்பர் வரத்து நின்றது. 1917-இல் முகமூடி தோலுக்கு மாறியது. காற்றுப் புகாமலிருக்க அந்தத் தோலை எண்ணெயில் பதப்படுத்தினார்கள். அந்தத் தோல் முகமூடியைக் கையில் எடுத்தால் முற்றுகை என்றால் என்ன என்பது உடனே புரியும். 1930-இல் வந்த மாதிரி மறுபடி துணிக்குத் திரும்பியது. முகத்தோடு ஒட்டும் விளிம்பில் மட்டும் மெல்லிய தோல். 1938 மாதிரியில் துணியும் தையலும் போய், முகப்பகுதி முழுதும் ஒரே வார்ப்பாகச் செயற்கை ரப்பரில் வந்தது. இறக்குமதி ரப்பரை நம்பாமல் போருக்குத் தயாராகிக்கொண்டிருந்த நாடு என்பதற்கு இதைவிட எளிய சான்று கிடையாது.

டப்பாவும் அப்படித்தான். தொடக்கத்தில் குட்டையாக இருந்தது பிறகு நீண்டது. உடல் முழுக்க ஓடும் மடிப்பு வரிகள் மெல்லிய தகரத்துக்கு வலுவைக் கொடுத்தன. மூடியின் உட்புறத்தில் சிறு அறை. கண்ணாடியில் மூச்சுப் பனி படியாமலிருக்க வைக்கும் மாற்று வட்டத்தகடுகள் அதில் இருக்கும். தோளில் ஒரு பட்டை, இடுப்பு வாரில் மாட்ட ஒரு கொக்கி. முன்பு அலுமினியத்தில் வந்த சிறு கொக்கிகளும் வளையங்களும் போர் நீள நீள இரும்புக்கு மாறின. அலுமினியம் விமானத்துக்குத் தேவைப்பட்டது. பாரசூட்டில் குதிக்கும் வீரர்களுக்கோ தகர டப்பாவே கிடையாது, துணிப்பை மட்டும்தான்; விழும்போது அந்த உலோகம் முதுகைப் பதம் பார்த்துவிடும். குதிரைக்கும் நாய்க்கும் தனி முகமூடிகள் செய்தார்கள். இயந்திரப் படை என்று பேர் வாங்கிய ராணுவம் உண்மையில் எத்தனை குதிரைகளை நம்பியிருந்தது என்பதற்குக் குதிரை முகமூடி சாட்சி. ஒரே ஒரு டப்பாவை வைத்துக்கொண்டு இதில் எதையும் படிக்க முடியாது. ஓலைச்சுவடியின் ஒரு பிரதியை மட்டும் பார்த்துப் பாடபேதம் சொல்ல முடியுமா?

வாயு வீசப்படாத போர்க்களத்தில் முகமூடிக்கு என்ன வரலாறு என்று கேட்பவர்கள், ஏன் வீசப்படவில்லை என்று கேட்பதில்லை. வாயுப் போரைத் தடை செய்த 1925-ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்பாட்டை ஜெர்மனி 1929-இல் ஏற்றிருந்தது. ஆனால் காகிதம் மட்டும் அவர்களைத் தடுக்கவில்லை. கெர்ஹார்டு ஷ்ராடர் 1936-இல் கண்டுபிடித்த டாபுன் என்ற நரம்பு நச்சை டைஹெர்ன்ஃபுர்ட் ஆலையில் சுமார் 12,000 டன் தயாரித்து வைத்திருந்தார்கள். எதிரியிடமும் இது இருக்கும், பதிலடி விழும் என்ற அச்சம் அவர்களைக் கட்டிப்போட்டவற்றில் முக்கியமானது. இரு தரப்பும் கோடிக்கணக்கில் முகமூடி செய்து குவித்ததும் அதே அச்சத்தால்தான். 1943 டிசம்பர் 2 அன்று இத்தாலியின் பாரி துறைமுகத்தில் ஜெர்மன் விமானங்கள் குண்டு வீசின. அமெரிக்கக் கப்பல் ஜான் ஹார்வியில் ரகசியமாக இருந்த கடுகு வாயு கொட்டி 600-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். பயன்படாத ஆயுதம் எவ்வளவு அருகில் இருந்தது என்பதற்கு அந்தத் துறைமுகம் போதும். சிப்பாய் என்னவோ தன் டப்பாவில் ரொட்டியையும் சிகரெட்டையும் வைத்துக்கொண்டான். அதுவும் வரலாறுதான்.

இனி அந்தப் பாதி உண்மை. பழைய வடிகட்டிகள் ஆபத்தானவை என்பது சரி. பிரிட்டனின் போர்க்கால முகமூடிகளில் கல்நார் இருந்தது; பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்குப் பழைய முகமூடிகளை அணிவித்துக் காட்டக் கூடாது என்று அந்நாட்டு அதிகாரிகளே எச்சரித்திருக்கிறார்கள். அக்காலத்தில் நுண்துகளைத் தடுக்கக் கல்நாரைப் பயன்படுத்துவது வழக்கம் என்பதால், எந்த நாட்டு வடிகட்டியானாலும் அப்படியே சந்தேகிக்க வேண்டும். அதை அணிந்து மூச்சு இழுக்கக் கூடாது, குலுக்கக் கூடாது, பிரித்துப் பார்க்கக் கூடாது. உறுதியான பிளாஸ்டிக் உறையில் போட்டுக் காற்றுப் போகாமல் மூடி வைத்தால் போதும். ‘வடிகட்டியின் திருகு இன்னும் முகமூடியில் பொருந்துகிறது, அதனால் ஆபத்துக் காலத்தில் உதவும்’ என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். திருகு பொருந்தலாம், உள்ளே இருக்கும் கரி எப்போதோ செத்துப்போயிருக்கும். ஆனால் இது கவனமாக வைத்திருக்கச் சொல்லும் காரணமே தவிர, வைத்திருக்கவே கூடாது என்று சொல்லும் காரணமாகாது.

அருங்காட்சியகம் பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகமும் டிரெஸ்டன் ராணுவ வரலாற்று அருங்காட்சியகமும் ஈப்பரில் உள்ள அருங்காட்சியகமும் அருமையான வேலை செய்கின்றன. ஆனால் லட்சக்கணக்கில் தயாரான ஒரு பொருளில் எந்த நிறுவனமும் சில மாதிரிகளைத்தான் வைத்துக்கொள்ளும். மீதி தகர வியாபாரியிடம் போகும், அல்லது அடியில் ஓட்டை போடப்பட்டுப் பூந்தொட்டியாகும். அப்படிப் போகிற டப்பாக்களின் மூடிக்குள் சிப்பாயின் பெயரும் படைப்பிரிவும் எழுதிய சீட்டு இருக்கும். சிலவற்றில் ஜெர்மன் வண்ணத்துக்கு மேலே இன்னொரு பூச்சு இருக்கும். போருக்குப் பின் நார்வே ராணுவம் எடுத்துப் பயன்படுத்தியவை அவை. பளபளப்பாக்குவதற்காக அந்த மேல்பூச்சைச் சுரண்டுபவர் ஒரு நாட்டின் விடுதலைக்குப் பிந்தைய ஆண்டுகளையே சுரண்டி எறிகிறார். அந்தப் பூச்சைத் தொடாமல், சீட்டைக் கிழிக்காமல், எந்த ஊரில் எந்த வீட்டுப் பரணில் கிடைத்தது என்பதையும் சேர்த்து எழுதி வைப்பவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத இந்தத் தனிமனிதர்கள்தான்.